அரைக் கம்பத்துக் கொடியும் ஆறு பேர் சஹனும்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் கல்முனையில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள். கயிறும் கப்பியும் ஆணியும் பெயின்டும் விற்கிற கடைக்காரன் நான். "இந்தக் கயிறு இந்தக் கப்பிக்குள் போகாது" என்று வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்லியே வயிறு வளர்க்கிறவன். அப்படிப்பட்ட நான், கொடியேற்றத்தின் முதல் நாள், சனமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, எங்கள் ஒழுங்கை, அதாவது எங்கள் சந்து, ஏற்றுகிற கொடியைப் பாதிக் கம்பத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பழைய நூல் கயிறு நைந்துபோயிருந்தது. கடையில் புதுச் சுருள் ஒன்று கிடந்தது. அதை வெட்ட மனம் வரவில்லை. மூலையில் கிடந்த இரண்டு நைலோன் துண்டுகளை முடிச்சுப் போட்டு ஒன்றாக்கினேன். முடிச்சு கப்பிக்குள் போகுமா என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்க வேண்டிய நேரத்தில் நான் கண்ணாடி முன்னால் நின்று புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கொடி பாதி உயரம் போனதும் முடிச்சு மேலே கப்பியில் போய் முட்டியது. அப்போதாவது கையை எடுத்திருக்கலாம். நைலோன் கயிறு, கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்து என் முழுப் பாரத்தையும் போட்டுக் கயிற்றில் தொங்கினேன். முடிச்சு கப்பிக்குள் நன்றாக இறங்கிச் சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு கொடி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கம்பமோ இரும்புக் குழாய், ஏறவும் வழியில்லை.

எங்கள் பக்கத்து வழமை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வருடா வருடம் கந்தூரி மாதம் பிறந்ததும் கடற்கரைப் பள்ளிவாசலில் பெரிய கொடி ஏறும். கடற்கரை வீதி முழுக்க மஸ்கட் இனிப்புக் கடை, பூந்திக் கடை, வளையல், பலூன், குழந்தைகளை ஏற்றிச் சுற்றுகிற இராட்டினம். கொடியேற்றம் மார்க்கத்தில் உண்டா இல்லையா என்று ஊரில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த வழக்கின் இரண்டு பக்கத்து ஆட்களையும் மஸ்கட் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கண்டிருக்கிறேன், ஆகவே நான் அதில் வாய் வைப்பதில்லை. பெரிய கொடி ஏறுகிற அதே அந்தியில் எங்கள் ஒழுங்கையிலும் சின்னதாக ஒரு பச்சைக் கொடி ஏறும். கடைசி நாள் ஒழுங்கைக்குள்ளேயே பந்தல் போட்டுக் கந்தூரி, ஊரே கூடிச் சாப்பிடுகிற சோறு. அந்தச் சின்னக் கொடியைத் தைப்பது என் மாமி வீட்டில். கயிற்றை இழுப்பது அந்த வீட்டின் மருமகன்.

மருமகன் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேசோடு இந்த ஒழுங்கைக்கு வந்தேன். தூரம் என்று பார்த்தால் சைக்கிளில் வந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் ஒழுங்கைக்கு நான் வெளியாள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. "அந்த வீட்டு மாப்பிள்ளை" என்றார்கள், அவ்வளவுதான். முதல் கொடியேற்றத்தில் என் மாமனார், அவருக்கு அல்லாஹ் சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும், கூட்டத்துக்குள்ளிருந்து என்னைக் கையில் பிடித்து இழுத்துவந்து கயிற்றை என்னிடம் தந்தார். கொடி ஏறி முடிந்ததும் ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "நம்மட ஆள் நல்லா இழுக்கான்" என்றார். நம்மட ஆள். அன்றிலிருந்து வருடா வருடம் கயிறு என் கையில்தான். அதை வெறும் கயிறு என்று நினைக்கிறவர்கள் பெண் வீட்டில் குடியிருந்து பார்க்காதவர்கள்.

இப்போது என் எதிரியைச் சொல்கிறேன். என் மனைவியின் தங்கையை முடித்தவன், என் சகலன். மாமி வீட்டு வளவிலேயே எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மதில். சாய்ந்தமருது ஊர்க்காரன். என்னை மரியாதையாகக் காக்கா, அதாவது அண்ணன், என்பான். அந்தக் 'காக்கா'வுக்குள் ஒரு சிரிப்பை ஒளித்து வைத்திருப்பான். நான் கயிற்றில் தொங்கியதைப் பின்னால் நின்று போனில் பிடித்து, சோகமான புல்லாங்குழல் ஓசை ஒன்றைச் சேர்த்து, தன் குரலில், "அன்பார்ந்த பொதுமக்களே, எங்கள் ஒழுங்கை ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறது" என்று செய்தி வாசிக்கிறவர் மாதிரிப் பேசி, ஊர் முழுக்கப் பரப்பியவன் அவன்தான்.

வீடியோவில் என் முகம் இல்லை. பின்பக்கம் மட்டும்தான். தொங்குகிற தொங்கலில் சாரன் ஒரு பக்கம் ஏறி, புதுச் சட்டை மறு பக்கம் ஏறி, நடுவில் தெரிந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கொடி அந்தக் கொண்டாட்டம் முடியும்வரை பாதிக் கம்பத்திலேயே நின்றது. வீதியால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "ஆரு மௌத்து?" என்று கேட்டார்கள். அடுத்த ஒழுங்கைப் பெண்கள் மௌத்து வீட்டில் அடுப்பு எரியாதே என்று ஒரு சட்டி சோறும் மீன் ஆணமும் கொடுத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பினால் மனம் நோவார்கள் என்று நான் அதைச் சாப்பிட்டேன். வீரமுனையிலிருந்து ஒரு விவசாயி, என் கடையின் பழைய வாடிக்கையாளர், வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். "முதலாளி, கேள்விப்பட்டதும் கை கால் ஓடல்ல. ஆருக்கு என்ன நடந்த?" என்றார். நான் கம்பத்தைக் காட்டி விளக்கினேன். அவர் நீண்ட நேரம் கம்பத்தையே பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "அப்ப என்ட மோட்டருக்குக் கயிறு உங்களிட்ட வாங்கலாமா எண்டு யோசிக்கன்" என்றார். கட்டாரில் இருக்கிற என் மகன் போன் போட்டான். "வாப்பா, நீங்க ஹயாத்தோடதானே இரிக்கீங்க?" என்று நான் உயிரோடு இருப்பதை விசாரித்துவிட்டு, பதிலைக் கேட்காமல் சிரித்தான். பின்னால் அவனுடைய அறையே சிரித்தது.

அடுத்த வருடம் கொடி தைத்து முடிந்த அன்று மாமி, "இந்த முற சின்னவரு இழுக்கட்டும், மகன்" என்றார். சின்னவர், அதாவது சின்ன மருமகனான என் சகலன், இழுத்தான். ஒரு கையால் கயிறு, மறு கையில் போன். கொடி சும்மா வழுக்கிக்கொண்டு போய் உச்சியில் நின்றது. சனம் கைதட்டியது. ஒருவர் அவன் முதுகில் தட்டி, "நம்மட ஆள்" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையோடு என் மனதில் மிச்சமிருந்த நல்லதெல்லாம் வற்றிப்போயிற்று. நான் மனம் நல்லவன் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கு என்னைக் கலியாணத்துக்குப் பிறகுதான் தெரியும். அன்று முதல் நான் கடையில் ஆணி நிறுக்கும்போதும் அவனைத்தான் நிறுத்தேன். தொழுகைக்குக் கை கட்டினாலும் ஷைத்தான் வந்து அந்தப் புல்லாங்குழலை வாசித்தான். அவனுடைய மோட்டார் சைக்கிளில் காற்றை இறக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அந்தச் சைக்கிளில்தான் என் மகளை வகுப்புக்குக் கொண்டுபோகிறான் என்பதால் விட்டேன். அவன் வீட்டுத் தண்ணீர்க் குழாயை என் பக்க மதிலுக்குள்ளால் மூடலாமா என்று இன்னொரு நாள் யோசித்தேன். என் வீட்டுத் தண்ணீரும் அதில்தான் வருகிறது. பெண் வீட்டில் குடியிருக்கிறவனுக்குப் பழிவாங்கவும் தனியாக ஒரு பொருள் இல்லை.

கடைசியில் அவனுடைய பலவீனம் பிடிபட்டது. சோறு.

கந்தூரியில் நாங்கள் சஹனில்தான் சாப்பிடுவோம். பாயில் வட்டமாக ஆறு பேர் இருப்பார்கள். நடுவில் ஒரு பெரிய தட்டு, நெய்ச்சோறு, மேலே இறைச்சி. ஆறு கையும் ஒரே தட்டில். தன் பக்கத்துச் சோற்றைத்தான் தின்ன வேண்டும். ஆறு பேரும் முடிக்கும்வரை யாரும் எழும்பக் கூடாது. நடுவில் இருக்கிற இறைச்சிதான் பொது. என் சகலன் எந்தக் கந்தூரியிலும் வந்தவுடன் இருக்க மாட்டான். பந்தல் ஓரமாக நின்று கண்ணால் அளப்பான். பல் இல்லாத கிழவர் இருவர், சீனி வருத்தக்காரர் இருவர், கொலஸ்ட்ரோலுக்குப் பயந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எனக் கூடுகிற சஹன் எதுவோ, அதில் போய் மிகப் பணிவாக, "வாப்பாமாரோட இரிக்கிற பறக்கத்து" என்று சொல்லிக்கொண்டு இருப்பான். அவர்கள் ஆளுக்கொரு துண்டோடு நிறுத்துவார்கள். மிச்ச இறைச்சி முழுக்கப் பறக்கத்தாக, இறையருளாக, அவன் பக்கம் வரும். வருடக்கணக்காக ஊர் அவனை முதியோரை மதிக்கிற பிள்ளை என்று புகழ்கிறது.

அந்த வருடக் கந்தூரிக்கு நான் மரைக்காயரிடம் போனேன். ஒழுங்கைக் கந்தூரியை நடத்துகிறவர் அவர்தான். "சஹனுக்கு ஆள் இருத்துற வேலைய நான் பாக்கன்" என்றேன்.

"கயிறு இல்லாத வேலதானே? பாருங்க" என்றார்.

பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒலுவில் துறைமுகத்துக்குப் போனேன். அங்கே ஆழ்கடலுக்குப் போகிற போட்காரர்கள் ஐந்து பேர், ஒரே போட்டில் தொழில் செய்கிறவர்கள், என்னிடம்தான் பெயின்ட் வாங்குவார்கள். ஒரு கலியாண வீட்டில் அவர்கள் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். அது சாப்பாடு இல்லை, அறுவடை. சஹன் வைத்தவன் தண்ணீர் எடுக்கத் திரும்பி வருவதற்குள் தட்டின் அடியில் வரைந்திருந்த பூ தெரிந்தது. ஐந்து பேரையும் கந்தூரிக்கு வரச் சொன்னேன்.

"முதலாளி, நாங்க நல்லாத் தின்னுவமே" என்றார் போட்டை ஓட்டுகிற மூத்தவர், வெட்கத்தோடு.

"அதுக்குத்தானே கூப்பிடுறன்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மனப்பூர்வமாக நான் யாரையும் விருந்துக்கு அழைத்ததில்லை.

திட்டம் இதுதான். ஐவரும் சகலனும் ஆறு. அவனை நடுவில் இருத்தி, இறைச்சி மறைகிற வேகத்தில் அவன் முகம் போகிற போக்கை நான் நின்றபடி போனில் பிடிப்பேன். எழும்பவும் முடியாமல், தின்னவும் இல்லாமல், வெறும் கையோடு அவன் இருக்கிற அந்த இருப்பை உலகம் பார்க்கும். புல்லாங்குழல் ஓசையும் தேடி எடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு மாமியிடம் போய்க் கயிற்றைக் கேட்பேன். சிரிப்புக்குச் சிரிப்பு சரியாகிவிட்டால் கயிறு தானாகத் திரும்பி வரும் என்பது என் கணக்கு.

கந்தூரி அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பந்தல் நிறைந்தது. சகலன் வழக்கம்போல் ஓரத்தில் நின்று பல் இல்லாதவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். நான் போய் அவன் தோளில் கை போட்டேன்.

"தம்பி, ஒங்களுக்கு எண்டு ஒரு சஹன் வச்சிரிக்கன்."

"நான் அங்க வாப்பாமாரோட..."

"வாப்பாமாருக்கு வேற ஆள் இரிக்கி. தூரத்து விருந்தாளிகள் வந்திரிக்காங்க. நம்மட வீட்டு ஆள் ஒருத்தர் கூட இரிக்கத்தானே வேணும்?"

அவன் ஐந்து பேரின் தோளையும் புயத்தையும் கண்டான். இல்லை, நான்கு பேரின் தோளையும் புயத்தையும். ஒருவர் வரவில்லை. எஞ்சினில் ஏதோ கோளாறு என்று துறைமுகத்தில் நின்றுவிட்டாராம். சஹன் வந்து நடுவில் இறங்கியது. ஐந்து பேர்தான். எங்கள் ஒழுங்கையில் ஆள் நிறையாத சஹனில் கை வைப்பதில்லை. எல்லாச் சஹனும் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கிவிட்டது. இது மட்டும் நிற்கிறது. நான் ஒரு ஆறாவது ஆளைத் தேடிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, மரைக்காயர் அந்தப் பக்கமாக வந்தார்.

"என்னத்துக்கு இந்தச் சஹன் பிந்துது?"

"ஒராள் குறையுது, மரைக்கார்."

"நீங்க ஆளில்லயா? இரிங்க."

"நான் ஆள் இருத்துற..."

"இருத்தினது காணும். நீங்களும் இரிங்க."

இருந்தேன். என் இடது பக்கம் சகலன். போன் சட்டைப் பையில். வலது கை சோற்றில். புல்லாங்குழல் வீணாகப் போயிற்று. சரி, வீடியோ இல்லாவிட்டாலும் கண்ணாலாவது பார்ப்போம் என்று மனதைத் தேற்றினேன். நான் கொஞ்சம் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, அவனும் கிடப்பானே.

மூத்தவர் முதல் பிடியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தினார். சகலனின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, ஒங்கள எங்கயோ தெரியும் போல இரிக்கி."

"ஊரெல்லாம் திரியிற ஆள்தானே நான், தெரியாம இரிக்குமா?"

"இல்ல. கதைக்கிற குரல்... டேய், இவரு ஆரு தெரியிதா? அந்தக் கொடி வீடியோவுல கதைக்கிற நானா!"

அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். நான்கு பேரும் சோற்றை மறந்தார்கள். சகலன் தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த பொதுமக்களே" என்றான், அதே குரலில். அவ்வளவுதான்.

"யா அல்லாஹ்! நீங்கதானா அது? நானா, கடலுக்குள்ள சிக்னல் இல்லாத நேரம் எங்களுக்கு ஒங்கடதான் ஒரே படம். வல போட்டுட்டுக் காத்திரிக்கக்குள்ள போட்டு போட்டுப் பாப்பம்."

"இவன் சிரிச்ச சிரிப்புல கடலுக்குள்ள விழப் பாத்தான், நானா. காலப் பிடிச்சு இழுத்த நான்தான்."

"நீங்க எடுங்க, நானா. இந்தாங்க இது நல்ல துண்டு."

மூத்தவர் நடுவிலிருந்து ஒரு கொழுத்த துண்டை எடுத்து அவன் பக்கம் வைத்தார். அடுத்தவர் ஒன்றை வைத்தார். மற்ற இருவரும் போட்டி போட்டு வைத்தார்கள். நான் ஒலுவில் வரைக்கும் போய்க் கூட்டிவந்த வயிறுகள், என் கண் முன்னாலேயே, தங்கள் பங்கு இறைச்சியை என் எதிரிக்கு ஊட்டின. அவன் பக்கத்தில் ஒரு சின்ன மலை எழும்பியது. பல் இல்லாத வாப்பாமாரின் சஹனில் அவனுக்கு இதில் பாதி கிடைத்திருக்காது. எனக்கு முன்னால் வெறும் சோறும் ஒரு கறுவாப்பட்டையும்.

"அது சரி நானா" என்றார் எல்லோருக்கும் இளையவர், "அந்தக் கயித்துல தொங்கின மனிசன் ஆரு? பின்பக்கம் மட்டும்தானே தெரியிது."

என் கை சோற்றுக்குள் நின்றது. சகலன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தான். மென்று முடித்தான். நான் அவன் கண்ணில் அந்தப் பழைய சிரிப்பைத் தேடினேன், இல்லை. உண்மையாகவே என் மேல் இரக்கப்பட்டுவிட்டான், பாவி.

"அது இந்த ஒழுங்கை ஆளில்ல" என்றான். "ஆரோ வெளியாள்."

அவன் எனக்கு எத்தனையோ செய்திருக்கிறான். புல்லாங்குழலைச் சேர்த்தான். கயிற்றை எடுத்துக்கொண்டான். இறைச்சியைத் தின்றான். அதெல்லாம் எனக்கு இந்த ஒரு சொல்லின் அளவுக்கு வலிக்கவில்லை. வெளியாள். சூட்கேசோடு வந்த அந்த முதல் நாளில் கொண்டுபோய் என்னை இறக்கிவிட்டான். அதுவும் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

"நான்தான்!" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துச் சஹன்கள் திரும்பின. "தொங்கின ஆள் நான்தான்! நான் இந்த ஒழுங்கை ஆள்! வெளியாளும் இல்ல ஒண்டுமில்ல. இந்தக் கொடிய நான்தான் பாதியில நிப்பாட்டின!"

போட்காரர்கள் நால்வரும் சோற்றிலிருந்து கையை எடுத்தார்கள். விருந்துக்குக் கூப்பிட்ட முதலாளியைப் பார்த்துத்தான் இவ்வளவு நேரம் சிரித்திருக்கிறோம் என்று விளங்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மூத்தவர், "மன்னிச்சுக் கொள்ளுங்க, முதலாளி" என்று சொல்ல வாயைத் திறந்தார். இளையவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கொஞ்சம் சாய்ந்து, என் முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். அடையாளம் கண்டுகொண்டார். வாயிலிருந்த சோறு வெளியே பறந்தது.

அதோடு பந்தல் முழுக்கத் தீப்பற்றிய மாதிரிச் சிரிப்பு. மரைக்காயர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாப்பாமார் பல் இல்லாமல் சிரித்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்த பெண்களிடம் யாரோ போய்ச் சொல்ல, அங்கேயும் கேட்டது. மூத்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்கும் ஏதாவது வைக்க வேண்டுமே என்று நடுவில் தேடி, கிடைத்த ஒன்றை மரியாதையாக என் பக்கம் வைத்தார். எலும்பு. ஆறு பேரும் முடிக்கும்வரை எழும்பக் கூடாது அல்லவா. சகலனின் மலை கரைந்து முடியும்வரை நான் அந்த எலும்போடு இருந்தேன்.

கை கழுவுகிற இடத்தில் சகலன் செம்பை எடுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினான்.

"காக்கா, நான் ஒங்கள மறைக்கத்தானே பாத்த."

"ஒன்ட மறைப்பும் நீயும்" என்றேன். "சாகுமட்டும் மறக்க மாட்டன்."

"சவர்க்காரம் போடுங்க, காக்கா. எண்ணெய் போகல்ல."

சவர்க்காரம் போட்டேன். ஒவ்வொரு விரலாகத் தேய்க்கும்போதும் அடுத்த கந்தூரிக்கு அவனை எந்தச் சஹனில் இருத்தலாம் என்று யோசித்தேன். இதை எழுதுகிற இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் மன்னிப்புக் கேட்டால் மன்னித்துவிடுவேனோ என்ற பயத்தில், கேட்கிற சந்தர்ப்பமே அவனுக்குக் கொடுப்பதில்லை.

ஆனால் கயிறு இருக்கிறதே. சிரிப்புக்குச் சிரிப்பு சரியாகவில்லை. இரண்டு சிரிப்பும் என் கணக்கில்தான் விழுந்திருக்கிறது. இருந்தாலும் ஒழுங்கை முழுக்கக் கேட்க நான் இந்த ஒழுங்கை ஆள் என்று கத்தியிருக்கிறேன், அதற்காவது ஒரு பெறுமதி இருக்காதா என்று வீட்டின் பின்பக்கம் போனேன். மாமி குசினி வாசலில் இருந்து வட்டிலப்ப இனிப்பைக் கிண்ணங்களில் வெட்டி வைத்துக்கொண்டிருந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் ஒன்றும் அங்கே இல்லை. சிரித்து வந்த கண்ணீர்தான்.

"மாமி" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு. "வாற வருஷம் கயித்த நான் இழுக்கட்டா? புதுச் சுருள வெட்டியே எடுத்து வாறன். முடிச்சே இரிக்காது."

மாமி கத்தியை நிறுத்தவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"அதச் சின்னவருக்கிட்டக் கேளுங்க, மகன்."